பின்சுவர் வேப்பமரத்துக் கொடி

(நம் குடியிருப்பின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியது)

பின்சுவர் ஓரத்து வேப்பமரத்தில் பெரிய பெரிய இலையோடு ஏறியிருக்கும் காட்டுக்கொடியை வேரோடு வெட்டிவிட வேண்டும் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன். அது காட்டுக்கொடி இல்லை, மணி பிளான்ட். உங்கள் வீட்டு பாட்டிலில் இருக்கிறதே, அதே செடி. பத்து வருடம் முன்பு வீட்டுக்கு பெயின்ட் அடித்தபோது, என் செடியை அந்த மரத்தடியில் போட்டவன் நான்தான்.

நம்புவது கஷ்டம்தான். பாட்டிலில் இருப்பது வெற்றிலை அளவு. மரத்தில் இருப்பது முறத்தளவு, ஓரமெல்லாம் கிழிந்தும் இருக்கிறது. அது நோய் இல்லை. இந்தக் கொடிக்கு இளவயது இலை வேறு, முதிர்ந்த இலை வேறு. பசிபிக் கடலில் உள்ள மோரியா என்ற தீவுதான் இதற்குச் சொந்த ஊர். மழைக்காட்டுத் தரையில் வெளிச்சம் குறைவு. அதனால் கணுவுக்குக் கணு வேர் விட்டு, மரத்தைப் பற்றிக்கொண்டு 20 மீட்டர் வரை ஏறும். ஏற ஏற இலை பெருக்கும், ஒரு மீட்டர் நீளம்கூட வரும். பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல் தொங்கவிட்டால் இலை சிறிதாகவே இருந்துவிடும். நம் பால்கனிகளில் தொங்குவதெல்லாம் பெரியவர்கள் ஆகாத பிள்ளைகள்.

இது பூத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? பூப்பதற்கு வேண்டிய ஜிப்பரெலின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணுவில் கோளாறு இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு வெளியானது. பூவில்லாததால் விதையும் இல்லை. உலகம் முழுக்க வெட்டிய துண்டுகளாகவே பரவியிருக்கிறது. தலைமை அலுவலகம் ஒரு சின்னத் தீவில், கிளைகள் மட்டும் ஊரெங்கும்!

மரத்தின் சாற்றை உறிஞ்சிவிடாதா என்று இரண்டாம் மாடி அம்மா கேட்டார். இது புல்லுருவி இல்லை, பட்டையைப் பிடித்துக்கொள்ள மட்டுமே அந்த வேர். ஆனால் உச்சிவரை போய் மூடினால் வேம்புக்கு வெயில் கிடைக்காது, பாரமும் ஏறும். அதனால் முதல் மாடி உயரத்துக்கு மேல் போகாமல் வருடம் இருமுறை கழித்துவிடலாம் என்கிறேன். ஆள் கூலி என் பொறுப்பு.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. இது சேம்பு, கருணைக்கிழங்கு குடும்பம். கருணை நாக்கில் அரிப்பதற்குக் காரணமான ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. குழந்தையோ பூனையோ கடித்தால் வாய் எரிந்து வீங்கும். தவழும் குழந்தை உள்ள வீடுகளில் பாட்டிலை உயரே வையுங்கள். அடுத்து, கழித்த துண்டுகளை ஏரிக்கரையிலோ காலி மனையிலோ வீசக்கூடாது. கண்டியில் உடவத்தகலே காட்டில் இந்தச் செடி தரையையும் மரங்களையும் மூடி, அங்குள்ள செடிகளை முளைக்கவிடாமல் செய்திருக்கிறது. நான் செய்ததும் அதே தப்புதான், நல்லவேளை சுவருக்கு உள்ளே செய்தேன்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கழிக்கிறோம். துண்டு வேண்டுபவர்கள் பாட்டிலோடு வாருங்கள், ஏறுவதற்கு ஒரு குச்சியும் தருகிறேன்.