இரண்டு ஆறுகள் பெற்ற நகரம்



பாரிஸ் மாநகரம் ஆற்றின் நடுவே கிடக்கும் ஒரு சிறு தீவைச் சுற்றி வளர்ந்தது. தமிழகத்தில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கம் இருக்கிறது. நம் கோலாலம்பூர் பிறந்த இடம் எது?

இதை நேரில் காட்ட எங்கள் தோட்டப் பள்ளி மாணவர்களை மஸ்ஜித் ஜாமேக் அருகே அழைத்துச் சென்றோம். அங்கே கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகின்றன. இரண்டுக்கும் இடையே நாக்குப் போல நீண்ட நிலத்தில் பள்ளிவாசல் நிற்கிறது. அது தீவன்று, ஆனால் இரு பக்கமும் நீர். கலங்கிய ஆற்றைப் பார்த்த ஒரு சிறுவன், "சார், இந்தச் சாக்கடையா நம் நகரத்தைப் பெற்றது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன விடையே இன்றைய பேச்சு.

மலாய் மொழியில் 'கோலா' என்றால் ஆற்று முகம். 'லும்பூர்' என்றால் சேறு. 1857ஆம் ஆண்டில் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஈயம் தேடிப் படகில் வந்தனர். இக்கூடலுக்கு மேலே ஆறு ஆழமில்லை. ஆகவே இங்கே இறங்கி, காட்டு வழியே அம்பாங்குக்கு நடந்தனர். ஒரே மாதத்தில் 69 பேரை மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஆயினும் லம்பங்கள் பெருகின. அரிசி இறக்கவும் ஈயம் ஏற்றவும் கூடலின் கீழ்க்கரையில் கடைகள் எழுந்தன. அவ்விடமே இன்றைய மேடான் பாசார். படகு நின்ற இடம் ஊராயிற்று!

உள்நாட்டுப் போரில் பாழான ஊரைக் கப்பித்தான் யாப் ஆ லோய் மீண்டும் எழுப்பினார். 1880இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து இங்கே மாறிற்று. மறு ஆண்டே தீயும் வெள்ளமும் ஊரை அழித்தன. வீடுகளெல்லாம் மரமும் அத்தாப்பும் அல்லவா? 1882இல் ரெசிடெண்டாக வந்த சுவெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டச் செய்தார். அதற்குச் செங்கல் அறுத்துச் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கிள்ளான் பக்கம் இரயில் ஓடத் தொடங்கியது. படகின் வேலையை இரயில் ஏற்றது. அந்த இரயில்வேயில் உழைத்தவர்களில் நம்மவர் ஏராளம்.

இனி, கூடலைச் சுற்றிப் பாருங்கள். மேற்கே 1897இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். அதன் எதிரே உள்ள திடலில்தான் 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. நடுவே பழைய மலாய் அடக்கத்தலத்தில் 1909இல் திறக்கப்பட்ட மஸ்ஜித் ஜாமேக். ஹப்பேக் என்னும் ஆங்கிலேயர் வட இந்திய முகலாயப் பாணியில் வரைந்தது. கிழக்கே மேடான் பாசார். அதன் அருகே யாப் ஆ லோய் தோற்றுவித்த சின் சே சி யா கோயில். சற்றுத் தூரம் நடந்தால், தம்புசாமிப் பிள்ளை 1873இல் நிறுவிய மகா மாரியம்மன் கோயில். மூவினத்தாரின் அடையாளங்களும் கால் மணி நேர நடையில் அடங்கிவிடுகின்றன.

ஊர் வளர வளர, ஆற்றுக்கு முதுகைக் காட்டிற்று. லம்பத்து மணலும் நகரத்துக் கழிவும் ஆற்றில் சேர்ந்தன. 1926இலும் 1971இலும் வந்த பெருவெள்ளங்களை முதியோர் மறந்ததில்லை. 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர்ச் சுரங்கம் வெள்ளத்தை நகரின் அடியில் திருப்பி விடுகிறது. ஆற்றைத் தூய்மையாக்கும் பணியும் நடந்தது. ஆனால் சுரங்கம் வெள்ளத்தைத் தடுக்கலாம். குப்பை போடும் கையை அது தடுக்காது.

சிறுவனின் கேள்விக்கு நாங்கள் சொன்னது இதுதான்: "ஆறு சாக்கடையாகப் பிறக்கவில்லை, தம்பி. நாம் ஆக்கினோம். பெற்றவளை மதிக்கக் கற்றால் திருத்தவும் முடியும்."

அவன் கையிலிருந்த பனிக்கூழ்த் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நீங்களும் அடுத்த முறை தலைநகருக்குப் போகும்போது, உயர்ந்த கோபுரங்களைப் பார்க்குமுன் அந்தக் கூடலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.