பொதுவிடத்துப் பசுமை



திருச்சியினின்று மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால், பாறைக் குன்றின்மீது முருகன் கோயில் ஒன்று தோன்றும். அதுவே விராலிமலை; அருணகிரிநாதர் பாடிய தலம்; மயில்கள் உலவும் ஊர். அவ்வூரை முன்னிட்டு, பள்ளி, சாலை, அலுவலகம், ஆலை முதலிய பொதுவிடங்களைப் பசுமையாகப் பேணுவது எவ்வாறு என்பதைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

முதற்கண் என் பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியொன்றில், ஆண்டு விழாவுக்காக முன்முற்றத்தில் புல்தரை அமைத்தேன். வந்தோர் யாவரும் பாராட்டினர். பங்குனி வெயில் ஏறியது. கிணறு வற்றத் தொடங்கியது. ஒருநாள் தண்ணீர்ப் பானை வெறுமையாகக் கிடக்க, சிறுவன் ஒருவன் புல்லுக்குப் பாய்ந்த குழாயில் வாய் வைத்துக் குடிப்பதைக் கண்டேன். பிள்ளைகளின் நீரைப் புல் குடிக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றே பாய்ச்சலை நிறுத்தினேன். சில நாட்களில் புல் கருகிற்று. முற்றத்தின் ஓரத்தில், எவரும் பாராட்டாத இரண்டு வேம்புகள் மட்டும் நிழல் தந்து நின்றன.

இதனைக் கணக்காகவே பாருங்கள். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீரின் அளவு 1 லிட்டர். நம் கோடையில் புல்தரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீரை இழக்கும். ஆகவே 1,000 சதுர மீட்டர் புல்லுக்கு நாள்தோறும் 5,000 லிட்டர் வேண்டும். இங்கிலாந்து போன்ற குளிர்நாட்டில் அந்நீரில் பெரும்பகுதியை வானமே தந்துவிடும். புதுக்கோட்டைச் சீமையில் கிணறன்றோ தரவேண்டும்!

ஆதலின், இடமறிந்து செடி வைத்தல் முதல் விதி. நெடுஞ்சாலைகளின் நடுவே அரளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வறட்சியைத் தாங்கும். ஆடுமாடுகள் அதைக் கடிப்பதில்லை. எதிர்வரும் வண்டியின் விளக்கொளியையும் அது மறைக்கும். ஆயினும் அதன் இலையும் விதையும் நஞ்சு. சிறுவர் விளையாடும் இடத்திற்கு அது ஆகாது. அங்கே வேம்பும் புங்கும் பொருந்தும். மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் (1689-1706) சாலையோரங்களில் மரங்கள் வைத்தது, கால்நடையாய்ச் செல்வோர்க்கு நிழல் வேண்டும் என்பதற்காகவே. பயன் கருதியே மரம் தேர்ந்தனர் முன்னோர்.

நடும் முறை இரண்டாவது விதி. பையில் நெடுநாள் வளர்ந்த கன்றின் வேர் வட்டமாகச் சுருண்டிருக்கும். அதனைப் பிரித்துவிடாமல் நட்டால், மரம் பெருத்த பின்னும் வேர் பரவாது. பின்னர் அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டு பூசுகிறோம். நீரும் காற்றும் வேரை எட்டுவதில்லை. 2018 நவம்பர் 16ஆம் நாள் கரை கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. பெரும்புயலின் முன் நல்ல மரமும் வீழலாம். ஆனால் வேரூன்ற இடங்கொடாமை நம் குற்றமேயாகும். மழைக்காலத் தொடக்கத்தில் நடுக; அடியில் சருகால் மூடாக்கு இடுக; நாள்தோறும் சிறிது தெளிப்பதினும், சில நாட்களுக்கு ஒருமுறை ஆழ நனையுமாறு ஊற்றுக. அப்போதுதான் வேர் நீரைத் தேடிக் கீழே இறங்கும்.

மூன்றாவது, தூய்மைக்கும் மொட்டைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல். குப்பையை அகற்றுவது தூய்மை. புதரையெல்லாம் வெட்டி எறிவது மொட்டை. மயில் தரையில் முட்டையிடும் பறவை. 1963ஆம் ஆண்டில் அதனை நம் தேசியப் பறவையாக அறிவித்தனர். அது ஒளியவும் அடைகாக்கவும் முட்புதர் வேண்டும். அழகுபடுத்துகிறோம் என்று குன்றின் அடிவாரத்தை வழித்துவிட்டால், விராலிமலையின் அழகே பறந்துபோகும்.

மாணவர்களே, கன்று நடும் விழாவுக்கு ஒரு நாள் போதும். கன்று மரமாவதற்கு மூன்று கோடையேனும் காவல் வேண்டும். விழாவில் படம் எடுத்துக்கொள்வோர் பலர். பங்குனி வெயிலில் குடம் சுமப்போர் சிலர். நீங்கள் அச்சிலருள் ஒருவராகுங்கள். உங்கள் வகுப்புக்கு ஒரு மரம் போதும். பள்ளியை விட்டு நீங்கள் சென்ற பின்னரும், முகமறியாப் பிள்ளையொருவன் அதன் நிழலில் அமர்ந்து படிப்பான். அதனினும் சிறந்த ஆண்டு விழா வேறு யாது?