ஊர்விலக்கமும் அரசியல் சட்டமும்
(டிசம்பர் 6 அன்று ஓசூரில் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

இங்கே வருகிற வழியில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு டிசம்பர் 6ஆம் தேதியும் நடப்பதுதான். என் முக்காட்டைப் பார்த்ததும் பையை இரண்டாவது முறையும் திறக்கச் சொன்னார் ஒரு பெண் காவலர். உள்ளே அண்ணலின் படத்துக்குப் போட வாங்கிய மாலை இருந்தது. அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

1956இல் இந்த நாளில் அண்ணல் அம்பேத்கர் மறைந்தார். 1992இல் இதே நாளில் பாபர் மசூதியை இடித்தார்கள். சிறு வயதில் எனக்கு இரண்டாவது டிசம்பர் 6 மட்டும்தான் தெரியும். மறுநாள் திங்கட்கிழமை சிப்காட் வேலைக்குப் போன அப்பா ஷிப்டு முடிந்து வெகுநேரமாகியும் வரவில்லை. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு ஓதிக்கொண்டே இருந்தார். கடைசியில் அப்பாவைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிவந்து வீட்டில் விட்டுப் போனவர், அவரோடு அதே மெஷினில் வேலை பார்த்த காலனி அண்ணன். எங்கள் வீட்டுக்கு அவர் எத்தனையோ முறை வந்திருக்கிறார். திண்ணையைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லியும் கேட்டதில்லை. அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறைத்ததே சமூகவியல் எம்.ஏ. படிக்கப் போன பிறகுதான். வெட்கத்தோடுதான் இதை இந்த மேடையில் சொல்கிறேன்.

நான் தொழுகிறவள், நோன்பு வைக்கிறவள். அப்படிப்பட்ட ஒருத்தி மதச்சார்பற்ற ஜனநாயகத்தில் முழு மனதோடு வாழ முடியுமா என்று டி.வி. விவாதங்களில் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்குப் பதில் தேவையில்லை. அவர்களிடம் பதில் தயாராக இருக்கிறது. எனக்குத்தான் பதில் வேண்டும்.

என் அக்கா குடும்பம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெயர்ப்பலகைகள் கன்னடத்துக்கு மாறும், வீட்டுக்குள் எங்கள் தக்னி மட்டும் மாறாது. அக்கா மகள் அங்கே பி.யு. படித்தாள். 2022 பிப்ரவரி 5ஆம் தேதி கர்நாடக அரசு சீருடை பற்றிய ஆணையை வெளியிட்டது. அடுத்த சில நாட்களில் அவள் கல்லூரி வாசலில் முக்காட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். கழற்றினாள், போனாள். அன்று மாலையே பெரியவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து அக்காவிடம், “படிப்பு போனால் போகட்டும்மா, தீன் போனால் வருமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இரவு எனக்குப் போன் வந்தது.

“காலா, காலேஜ்லயும் என் முக்காட்டப் பத்தித்தான் பேசுறாங்க, வீட்டுக்கு வந்தவங்களும் அதப்பத்தித்தான் பேசுறாங்க. அக்கவுண்டன்சி பரீட்சைக்கு எப்படிப் படிச்சிருக்கேன்னு ஒருத்தரும் கேக்கல.”

அந்த வருஷம் மார்ச் 15இல் கர்நாடக உயர்நீதிமன்றம், ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத வழக்கமில்லை என்றது. அக்டோபர் 13இல் உச்சநீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். அதில் நீதிபதி துலியாவின் தீர்ப்பை மாணவர்கள் தேடிப் படியுங்கள். மார்க்க நூல் என்ன சொல்கிறது என்ற ஆராய்ச்சிக்குள் அவர் போகவில்லை. இது அந்தப் பெண்ணின் தெரிவு, அவளுடைய படிப்பு கெடக்கூடாது என்ற இடத்தில் நின்றார். அக்கா மகளின் பரீட்சையைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1948 நவம்பர் 23ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றிய விவாதம். சென்னை மாகாணத்திலிருந்து போன முகம்மது இஸ்மாயில் சாகிப், நாம் காயிதே மில்லத் என்று சொல்கிறோமே, அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தனக்கென்று தனிச்சட்டம் உள்ள எந்தச் சமூகத்தையும் அதைக் கைவிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது திருத்தம். அண்ணல் அதை ஏற்கவில்லை. ஆனாலும் பதில் சொல்லும்போது ஒரு வழியைத் திறந்து வைத்தார்: வருங்கால நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டத்தை, அதற்குக் கட்டுப்படச் சம்மதிப்பவர்களுக்கு மட்டும் முதலில் பொருந்தும்படி செய்யலாம் என்றார். அடுத்த பத்து நாளில், டிசம்பர் 2ஆம் தேதி, பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாவற்றையும் மதம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டால் எந்தச் சமூகச் சீர்திருத்தமும் நடக்காது என்றும் பேசினார்.

அந்த விவாதத்தில் நான் அண்ணலின் பக்கம். என் அம்மாவும் அக்காவும் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்தவள் வேறு எங்கே நிற்பேன்? ஆனால் 2024இல் உத்தராகண்டில் நிறைவேற்றிய பொது சிவில் சட்டத்தை அண்ணலின் பெயரால் கொண்டாடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. சம்மதம் என்ற சொல்லுக்கு அதில் இடமே இல்லை. பழங்குடியினருக்கு விலக்கு உண்டு, மற்ற எல்லோரும் கட்டுப்பட வேண்டும்.

இஸ்மாயில் சாகிப் தன் திருத்தம் தோற்றதற்காக அரசியல் சட்டத்தை விட்டு விலகிப் போகவில்லை. அதே சபையில் தமிழுக்காக வாதாடினார். பிறகு மஞ்சேரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். வாதத்தில் தோற்றவனை நாட்டை விட்டுத் துரத்துவதில்லை என்ற உறுதி அன்று அவருக்கு இருந்தது. இன்று அந்த உறுதி நமக்கு டெல்லியிலிருந்து கிடைக்கவில்லை. நம் தெருவிலாவது இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

தக்கலைக் கவிஞர் எச்.ஜி. ரசூலை நீங்கள் வாசித்திருப்பீர்கள். எழுத்துக்காக 2007இல் ஜமாத் அவரை ஊர்விலக்கம் செய்தது. ஊர்விலக்கம் என்றால் என்ன என்று இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு அழைப்பில்லை, சாவுக்கு ஆளில்லை. உங்கள் தாத்தாவுக்கு ஊர் செய்ததை எங்கள் கவிஞருக்கு நாங்கள் செய்தோம். கோவை உக்கடத்தைச் சேர்ந்த ஃபாரூக், திராவிடர் விடுதலைக் கழகத் தோழர், 2017 மார்ச் 16 இரவு வெட்டிக் கொல்லப்பட்டார். கடவுள் இல்லை என்று எழுதியதுதான் அவர் செய்தது. கைதானவர்கள் எங்கள் சமூகத்துப் பிள்ளைகள். மகன் இருந்த இயக்கத்தில் தானும் சேரப்போவதாக அவருடைய தந்தை சொன்னார். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் கிடையாது என்பதற்கு அல்பகரா அத்தியாயத்தின் 256ஆம் வசனத்தை மேடைதோறும் எடுத்துக்காட்டுகிறவர்கள் நாங்கள். அந்த வாரம் அந்த வசனம் எத்தனை பேர் வாயில் வந்தது?

எதிர்வாதம் தெரியும். 1997 நவம்பரில் கோவையில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்களே, அதை யார் பேசுகிறார்கள் என்பார்கள். நியாயமான கேள்வி. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்களே என்று அந்தப் பக்கம் கேட்பார்கள். அதுவும் நியாயம். ஆளுக்கொரு எண்ணிக்கையை மனப்பாடம் செய்துகொண்டு வளர்ந்தோம். 2022 அக்டோபரில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு கார் வெடித்தபோது மட்டும் ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். கோவை ஜமாத்துப் பெரியவர்கள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய் அங்கிருந்தவர்களைச் சந்தித்தார்கள். வெளியே உள்ளவனோடு பேசக் கிடைத்த அந்தத் துணிச்சல், உள்ளே மாறிப் பேசுகிறவனோடு பேசவும் வர வேண்டும்.

சட்டம் இதில் என்ன செய்தது? பம்பாய் மாகாணம் 1949இலேயே ஊர்விலக்கத் தடைச் சட்டம் போட்டது. தாவூதி போரா சமூகத்தின் தலைமைக் குரு வழக்குப் போட்டார். 1962இல் உச்சநீதிமன்றம், விலக்கி வைப்பது மதப்பிரிவின் உரிமை என்று அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஐந்து பேரில் தலைமை நீதிபதி சின்ஹா மட்டும் மாறுபட்டார். விலக்கி வைக்கப்பட்டவனைத் தீண்டத்தகாதவனைப் போல ஆக்குகிறார்கள், இந்தச் சட்டம் அவனுடைய மனித மாண்பைக் காக்க வந்தது, இது 17ஆம் பிரிவின் நோக்கத்தோடு சேர்ந்தது என்பது அவர் வாதம். ஒரு போரா முஸ்லிமின் வழக்கில் தீண்டாமை ஒழிப்புப் பிரிவு வந்து நின்றது. என் பதிலுக்கு மிக நெருங்கிய இடம் இதுதான். 17ஆம் பிரிவு உங்களுக்கு மட்டும் எழுதியது என்று நாங்களும், 25, 26ஆம் பிரிவுகள் எங்களுக்கு மட்டும் எழுதியவை என்று நீங்களும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2023 பிப்ரவரியில் அந்த 1962 தீர்ப்பை ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பார்வைக்கு அனுப்பினார்கள்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. 1981இல் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு வந்தபோது நாடே அதிர்ந்தது. வந்தவர்கள் இழந்தது என்ன என்று பேசியவர்கள் குறைவு. 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணைப்படி முஸ்லிமாகவோ கிறிஸ்தவராகவோ மாறிய தலித், பட்டியலில் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், எங்களைச் சேர்க்கவில்லை. இஸ்லாத்தில் சாதி இல்லையே என்கிறது அரசு. இல்லவே இல்லை என்று நாங்களும் ஆமாம் போடுகிறோம். முடிவெட்டும் குடும்பத்தில் பெண் எடுக்கத் தயங்குகிறவர்களும் சேர்ந்துதான் ஆமாம் போடுகிறார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொள்கிறேன்.

2018 நவம்பரில் ஓசூரில் குடியிருந்த நந்தீஷும் சுவாதியும் சாதி மாறி மணந்ததற்காகக் கொல்லப்பட்டு, காவிரியில் கர்நாடக எல்லைக்குள் பிணமாகக் கிடைத்தார்கள். ஊரை மீறியவருக்கு இந்த எல்லையின் இரண்டு பக்கமும் பாதுகாப்பு இல்லை. சாதிப் பஞ்சாயத்துகளுக்கு எதிரான இயக்கங்கள் நடத்திய போராட்டத்தால் மகாராஷ்டிரம் 2016இல் சமூகப் புறக்கணிப்புத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அப்படி ஒரு சட்டம் தமிழ்நாட்டுக்கு வேண்டும். ஜமாத்தை மட்டும் குறிவைத்தால் அதை நானே எதிர்ப்பேன். சாதிப் பஞ்சாயத்து, கோயில் கமிட்டி, திருச்சபை, ஜமாத் எல்லாவற்றுக்கும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். விலக்கி வைக்கப்பட்டவர் தனி ஆளாகவே புகார் கொடுக்க முடிய வேண்டும். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று ஜமாத் நடத்திக் காட்டினார். ஆண்களின் ஜமாத்தில் உட்கார இடம் கிடைக்காத பெண்களும் இந்தச் சட்டத்தைக் கேட்க முடியும்.

கோரிக்கை மனுவின் வரைவை வாசலில் புத்தக மேசை மேல் வைத்திருக்கிறேன். நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் புகார் கொடுத்தவருக்கு வீடும் வேலையும் காப்பது பற்றிய பத்தி எனக்கே திருப்தியாக இல்லை. ஓசூரில் முஸ்லிம் பெயரோடும் காலனி முகவரியோடும் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். அந்தப் பத்தியை நீங்கள் திருத்தி எழுதிக் கொடுங்கள். கையெழுத்து அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.