இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கும் முன்

ஆசையாக வாங்கிய இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினிய குக்கர், பித்தளைப் பானை, மண்சட்டி எதை வைத்தாலும் கீகீ என்று கத்திவிட்டு நின்றுவிடும். பழுது ஒன்றுமில்லை. உள்ளேயிருக்கும் செம்புக் கம்பிச் சுருளின் காந்தப்புலம்தான் பாத்திரத்தின் அடியையே சூடாக்குகிறது. அதற்குக் காந்தம் ஒட்டும் பாத்திரம் வேண்டும். எவர்சில்வரிலேயே சிலவற்றில் ஒட்டாது. உருண்டை அடி வாணலியும் சரிப்படாது. இதையெல்லாம் கடைக்காரர் சொல்லித்தான் விற்க வேண்டும், பலர் சொல்வதில்லை.

இன்னொன்று, 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். மிக்சி மாட்டும் 5 ஆம்பியர் பிளக் பாயிண்ட் சூடேறி உருகிவிடும். 15 ஆம்பியர் பாயிண்ட் அவசியம். வாடகை வீட்டில் பெரும்பாலும் அதற்குத்தான் திண்டாட்டம்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு காந்தத்தை உங்கள் பாத்திரங்களின் அடியில் ஒட்டிப் பாருங்கள். சமையலறைப் பிளக்கையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.