வீட்டு விளக்கும் வீசும் காற்றும்



காற்றின் சக்தியைக் கொண்டு வீட்டுச் சாதனங்களை இயக்குவது பற்றி ஆராயும் இக்கருத்தரங்கிற்குத் தலைமை வகிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்புவித்த அன்பர்களுக்கு என் மனமார்ந்த வந்தனம். 1954-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், யுனெஸ்கோவின் ஆதரவில், காற்றுச் சக்தியையும் சூரிய சக்தியையும் குறித்துப் பல தேசத்து விஞ்ஞானிகள் கூடி விவாதித்தது இந்தப் புது டில்லியில்தான் ஆதலால், இவ்விஷயத்தைப் பேசுவதற்கு இந்நகரம் மிகவும் பொருத்தமானது. ஆனால் காற்றாடி நடுவதற்கு அவ்வளவு பொருத்தமானதன்று என்பதே நான் இன்று விண்ணப்பித்துக்கொள்ள விரும்பும் கருத்து.

காற்றினால் வீட்டுக்கு விளக்கேற்றும் முயற்சி பழமையானது. 1887-இல் ஸ்காட்லாந்தின் மேரிகர்க் கிராமத்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் தமது குடிலுக்கு அவ்விதம் ஒளியூட்டினார். மறு ஆண்டே அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ், 17 மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தைத் தமது மாளிகையின் தோட்டத்தில் நிறுவி, அது ஈட்டிய மின்சாரத்தை நிலவறையிலிருந்த பாட்டரிகளில் சேமித்து வைத்தார். பின்னர் அந்நாட்டுச் சமவெளிகளில், மின்கம்பி எட்டாத பண்ணை வீடுகளின் ரேடியோப் பெட்டிகள் சிறு காற்றாடிகளின் தயவிலேயே பாடின. 1936-இல் இயற்றப்பட்ட கிராம மின்சாரச் சட்டத்தின் பயனாகக் கம்பிகள் வந்து சேரவே, அக்காற்றாடிகள் மெல்ல மறைந்தன.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகும் என்பது இயற்கையின் விதி. அச்சக்தியிலும் நூற்றுக்கு 59 பங்குக்கு மேல் எந்த யந்திரமும் கவர இயலாது என்பது ஜெர்மானியரான பெட்ஸ் நிறுவிய வரம்பு. 2 மீட்டர் விட்டமுள்ள காற்றாடியொன்று, விநாடிக்கு 6 மீட்டர் வேகமுள்ள காற்றில் ஏறத்தாழ 120 வாட் தந்து ஒரு மின்விசிறியையும் சில விளக்குகளையும் இயக்குமாயின், அதே காற்றாடி 3 மீட்டர் வேகத்தில் 15 வாட்டுக்குமேல் தராது. அதாவது, ஓர் எல்.இ.டி. விளக்கோடு அதன் வள்ளன்மை முடிந்துவிடும். டில்லியின் மாடிகளில் காற்று பெரும்பாலும் மந்தமாகவே வீசுவதோடு, அண்டைக் கட்டடங்களில் மோதிச் சுழன்று நிலையிழந்தும் வருகிறது. ஆகவே குறை யந்திரத்தினிடம் அன்று, இடத்தினிடமே.

அப்படியானால் தலைநகரத்து இல்லங்களுக்குக் காற்றின் பயன் கிட்டாதா? கிட்டும், வேறு மார்க்கத்தில். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களான ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டிலும், தென்மேற்குப் பருவக்காற்று நெருக்குண்டு வேகம் பெற்றுக் கீழ்த்திசைச் சமவெளியில் பாயும் மாதங்களில், முப்பந்தல் முதலிய இடங்களின் காற்றாலைகள் ஈட்டும் மின்சாரத்தை வடக்கே அனுப்பவும், காற்று ஓய்ந்த மாதங்களில் வடக்கிலிருந்து பெற்றுக்கொள்ளவும் தக்கதாக, ராய்கர் முதல் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின்சாரப் பாதை அமைந்திருக்கிறது. டில்லிவாசியின் வீட்டுக் காற்றாடி முப்பந்தலில் சுழல்வதே சிக்கனம்.

வீட்டு முற்றத்திலேயே காற்றாடி நடுவதற்கு உரியவர் கடற்கரைக் குப்பங்களிலும், மலைமுகடுகளிலும், மின்கம்பி எட்டாத தீவுகளிலும் வாழ்வோரே. மேகம் மூடிச் சூரியத் தகடு சோர்ந்திருக்கும் பருவமழைக் காலத்திலேயே அங்குக் காற்று வலுப்பதால், இரண்டையும் ஒரே பாட்டரியோடு இணைத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும்.

இங்கே கட்டுரை வாசிக்கவிருக்கும் அன்பர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். காற்றாடி நடுமுன், அது நிற்கப்போகும் உயரத்திலேயே ஓராண்டு காற்றை அளந்து பாருங்கள். யந்திரத்தின் பெருமையை அதன் முகப்பில் பொறித்த வாட் கணக்கால் சொல்லாமல், வருஷம் முழுவதிலும் அது ஈட்டிய யூனிட் கணக்கால் சொல்லுங்கள். ஏழைக் குடும்பமொன்று கடன்பட்டு வாங்கும் சாதனத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்ற நினைவோடு ஒவ்வோர் எண்ணையும் சோதித்து ஏற்குமாறு வேண்டி, இக்கருத்தரங்கின் நடவடிக்கைகளைத் தொடங்கி வைக்கிறேன்.