எண்ணும் ஊரும்: திருப்பூர் மக்கள்தொகை காட்டுவனவும் காட்டாதனவும்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழா மேடையில் மக்கள்தொகைக் கணக்கு பேசுபொருளாவது சிலர்க்கு வியப்பைத் தரலாம். எண்ணையும் எழுத்தையும் வாழும் உயிர்க்கு இரு கண்களாகக் கூறியவர் வள்ளுவர். எழுத்தை மட்டுமே போற்றி, எண்ணைப் பிறர்க்கு விட்டுவிடுவது ஒற்றைக் கண்ணால் உலகைக் காண்பதாகும். விரைந்து வளர்ந்த ஊர் ஒன்றை இரு கண்களாலும் காணும் முயற்சியே இவ்வுரை. அவ்வூர் நொய்யலாற்றங்கரைத் திருப்பூர்.

பருத்திச் சந்தையும் இருப்புப்பாதையும் அமைந்த சிற்றூர், 1917இல் நகராட்சியாயிற்று. பின்னலாடைத் தொழில் வேரூன்றி, 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கியபின் ஊரின் போக்கே மாறியது. 2008இல் மாநகராட்சி, 2009இல் மாவட்டத் தலைநகர் என உயர்வு அடுத்தடுத்து வந்தது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 3,44,543, 2011இல் 4,44,352. பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கூடினர். தமிழகத்தின் வளர்ச்சி அப்பத்தாண்டில் நூற்றுக்கு 16 என்னும் அளவை எட்டாதிருக்க, திருப்பூரின் வளர்ச்சியோ நூற்றுக்கு 29ஐ ஒட்டி அமைந்தது. பிறப்பால் மட்டும் ஓர் ஊர் இவ்வாறு வளர இயலாது. வந்தவர்களால் வளர்ந்த ஊர் இது என்பதை எண்ணே கூறிவிடுகிறது.

எனினும் எண்ணை ஆராயாது ஏற்றலும் பிழையே. 15 வேலம்பாளையம், நல்லூர் ஆகிய நகராட்சிகளும் சுற்றியிருந்த ஊராட்சிகள் சிலவும் 2011இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. அதே கணக்கெடுப்பின்படி, விரிந்த எல்லைக்குள் இருந்தோர் தொகை 8,77,000ஐக் கடந்தது. ஒரே ஆண்டு, ஒரே கணக்கு. ஆயினும் ஊர் இருமடங்காகத் தோன்றுகிறது. புதிதாக எவரும் வந்துவிடவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. அக்கோட்டுக்கு வெளியே அதுவரை வாழ்ந்தவர்கள் நகருக்கு உழைத்தவர்களே. காலையில் பனியன் கம்பெனிக்கு வந்து, இரவில் திரும்பி, வேறோர் ஊரின் கணக்கில் இடம்பெற்றவர்கள். உழைப்பு ஓரிடத்திலும் எண்ணிக்கை மற்றோரிடத்திலும் பதிவாகும் இந்நிலை, வளரும் நகரங்கள் அனைத்திற்கும் பொதுவானது எனலாம்.

2011இல் மாநிலத்தில் ஆயிரம் ஆடவர்க்கு 996 பெண்டிர் இருக்க, திருப்பூரில் 955 பெண்டிரே இருந்தனர். தையற் பொறிகளின் முன் பெண்கள் பெருந்தொகையாக அமர்ந்திருக்கும் ஊரில் இக்குறைவு ஏன் என்னும் வினா எழுகிறது. குடும்பத்தைச் சொந்த ஊரில் விட்டுத் தனியே வேலை தேடி வரும் ஆடவர் மிகுதி அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கருதத்தக்கது. அந்த 955க்குள் தேனியிலும் இராமநாதபுரத்திலும், பீகாரிலும் ஒடிசாவிலும் கணவனின் பணவிடையை எதிர்நோக்கியிருக்கும் மனைவியர் இல்லை. திருப்பூரின் வாழ்வில் அவர்க்குப் பங்குண்டு. திருப்பூரின் கணக்கில் இடமில்லை.

முதலில் வந்தோர் மதுரை, திண்டுக்கல், நெல்லை, தஞ்சைப் பகுதியினர். பின்னர் வந்தோர் வடமாநிலத்தவர். கட்டிங், ஓவர்லாக், செக்கிங் எனத் தொழிற்சொற்கள் அனைவர்க்கும் பொதுவாயின. தாய்மொழி வேறாக நின்றது. வேற்றுமொழி மாந்தர் கலந்து இனிது உறைந்ததைப் புகாரின் பெருமைகளுள் ஒன்றாகப் பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் பாடினார். அன்று சிறப்பெனப் பாடப்பட்டது இன்று சிலர்க்குச் சுமையாகத் தோன்றுவது எண்ணிப் பார்க்கத்தக்கது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது சிறப்புத் தொடர்வண்டிகளில் அத்தொழிலாளர் ஊர் திரும்பியபோதுதான், இத்தனை பேர் இங்கு வாழ்ந்தனரா என்று நகர் வியந்தது. உடன் வாழ்ந்தவர் எண்ணிக்கை அவர் புறப்படும்போதுதான் கண்ணில் பட்டதெனின், குறை கணக்கில் மட்டும் இல்லை.

பெருந்தொற்றால் 2021ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. அடுத்த கணக்கெடுப்பிற்கு 2027ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளின் நட்டம் சிறிதன்று. 2011இல் பழைய நகரெல்லைக்குள் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 48,500 பேர் இருந்தனர். 2027இல் அவர்கள் 16 முதல் 22 வயது வரையிலான இளைஞர். கல்லூரியிலோ தையற் பொறியின் முன்போ இருப்பவர். அவர்க்குப்பின் வந்த குழந்தைகளோ எந்தக் கணக்கெடுப்பிலும் இடம்பெறாமலே பள்ளி சென்றனர். பதினைந்தாம் நிதிக்குழு உள்ளாட்சிகளுக்குரிய மானியத்தைப் பகிர்ந்தபோதும் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையையே பெரிதும் கொண்டது. எண்ணப்படாதவர்க்கும் தாகம் உண்டு. அவர்க்கான குடிநீருக்கு மட்டும் நிதி ஒதுங்குவதில்லை.

கணக்கெடுப்பாளர் பிறந்த இடத்தையும் தாய்மொழியையும் இடம்பெயர்ந்த காரணத்தையும் வினவுவர். அவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடை 'வேலை' என்னும் ஒரு சொல்லாக முடியலாம். அச்சொல்லுக்குள் இருக்கும் கடனும் வறட்சியும் பிரிவும் படிவத்தில் அடங்கா. அங்கேதான் இலக்கியத்தின் பணி தொடங்குகிறது. சாயக்கழிவால் நொய்யலும் ஊரும் உற்ற துயரைச் சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை' நாவலில் எழுதினார். கழிவு நீக்க நெறிகளைப் பின்பற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது அதன் பின்னரே, 2011இல். அளவீடுகள் நீதிமன்றத்தை அடையுமுன் எழுத்து வாசகரை அடைந்திருந்தது.

திருப்பூரின் பெயரைத் தன் பெயரோடு தாங்கி நிற்கும் குமரனும் திருப்பூரில் பிறந்தவர் அல்லர். 1904இல் சென்னிமலையில் பிறந்து, பிழைப்பின்பொருட்டு இங்கு வந்தவர். 1932 சனவரியில் கொடியை விடாது உயிர் துறந்தவர். அவரை இவ்வூரினர் என்பதற்கு எவரும் பிறப்புச் சான்று கேட்டதில்லை. இன்று லைன் வீடுகளில் வாழும் பெயரறியா உழைப்பாளர்க்கும் அந்த உரிமை பொருந்தும்.

இலக்கிய வட்டங்கள் தம் அடுத்த பத்தாண்டுப் பணியாக இதனை மேற்கொள்ளலாம்: தம் தெருவில் வந்து குடியேறியவர் யார், எங்கிருந்து, எதனால் என்பதை அவர்தம் வாய்மொழியாகவே கேட்டு எழுதி வைத்தல். வடமொழி பேசும் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணிநேரம் தமிழ் கற்பித்தலும் அப்பணியின் பகுதியே. கணக்கெடுப்பு ஊரில் எத்தனை பேர் என்று கூறும். அவர்கள் யார் என்று கூறவேண்டிய கடன் எழுதுவோர்க்கு உரியது.