கடல் கடந்து ஓராண்டுக் கல்வி

(அனகாபுத்தூரில் கூடிய நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாணவர்கள் அயல்நாடு சென்று ஒரு கல்வியாண்டு கற்று மீளுதலைப் பற்றிச் சில சொல்லுமாறு நம் காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தனர். யாம் கடல் கடந்தவரல்லேம். பெரும் பட்டம் பெற்றவருமல்லேம். தறியோசை கேட்டு வளர்ந்த குடியிற் பிறந்து, முதுமையில் நூல்கள் சில படித்தறிந்த அளவே எம் தகுதி. எனினும் இப்பொருளில் யாம் செய்த பிழையொன்று உண்டு. அதனைச் சபையில் ஒப்புக்கொள்ளுதல் கடனெனக் கருதியே இங்கு எழுந்து நிற்கின்றோம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் நம் ஊரை நினைத்துப் பாருங்கள். அடையாற்றின் கரையிலுள்ள இவ்வனகாபுத்தூரிலே நம் முன்னோர் நெய்த கட்டம் போட்ட துணி, சென்னைக் கைக்குட்டை என்னும் பெயரோடு மேற்கு ஆப்பிரிக்கா வரையிற் சென்றது. நைஜீரியாவிலுள்ள கலபாரி மக்கள் அத்தகைய துணியை இஞ்சிரி என்பர். பிறப்பு முதல் இறப்பு வரையிலுள்ள சடங்குகளில் அதனைப் போற்றி வைத்து வழங்குவர். ஆனால் நெய்தவருள் எவர் அதனைக் கண்டார்? துணி கடல் கடந்தது. நெய்தவர் பல்லாவரம் ரயிலடியைக் கடப்பதும் அருமையாயிருந்தது. 1970களில் நைஜீரிய அரசு அயல்நாட்டுத் துணிக்குத் தடை விதித்தபோது, இங்கே தறிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. நம்மவருள் ஒருவர் அங்கு இருந்திருப்பின் தடையை நீக்கியிருப்பார் என்று யாம் சொல்லவில்லை. வருவதை ஒரு திங்கள் முன்னதாகவேனும் அறிந்திருப்போம். வேறு சந்தை தேடியிருப்போம். அறியாமைக்கு நாம் கொடுத்த விலை அது. பின்னர் வாழைநார் முதலிய இயற்கை நார்களால் சேலை நெய்து இவ்வூர் மீண்டும் பெயர் பெற்றது, புதியதைக் கற்கத் துணிந்தோரால் அன்றோ?

இனி, சாதிக் கூட்டங்கள் இவ்விஷயத்தில் நடந்துகொண்ட வரலாற்றையும் மறைத்தலாகாது. 1888ஆம் ஆண்டில் பதினெட்டு வயது இளைஞரொருவர் சட்டம் பயிலச் சீமைக்குப் புறப்பட்டார். பம்பாயில் அவருடைய சாதியார் கூட்டங்கூட்டி, கடல் கடத்தல் ஆசாரத்திற்கு விரோதம் என்றனர். அவர் கேளாதொழியவே, அவரைச் சாதியினின்றும் விலக்கி, அவருக்கு உதவுவோரும் துறைமுகம் சென்று வழியனுப்புவோரும் ஒன்றேகால் ரூபாய் தண்டம் இறுக்கவேண்டுமென்று தீர்ப்புச் செய்தனர். அவ்விளைஞரே பின்னாளில் காந்தியடிகளாக விளங்கியவர். அத்தீர்ப்பை வழங்கினோர் பெயரை இன்று யார் அறிவர்? நம்முடையதும் ஒரு சாதிச் சங்கமே யாதலின், இக்கதை நமக்கு ஒரு கண்ணாடி போன்றது.

நம் தமிழ்நாட்டிற்கே உரிய சான்று கணித மேதை இராமானுஜன் வரலாறு. ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கெழுதியவர். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு 1913 ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் வழியைத் திறந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவிச் சம்பளம் அளித்தது. அதில் 50 பவுன் அவருடைய குடும்பத்துக்கென ஒதுக்கப்பெற்றது. குடும்பத்தின் அச்சத்தையும் ஆசாரத்தையும் கடந்து, குடுமியை நீக்கிக்கொண்டு, 1914 மார்ச் 17ஆம் நாள் கப்பலேறினார்.

அங்கே அவர் கழித்த முதற் கல்வியாண்டை நம் பெற்றோர் ஊன்றி நோக்கவேண்டும். அவர் சென்ற சில திங்களில், 1914 ஆகஸ்டில், பெரும்போர் மூண்டது. மரக்கறி உணவினராதலின் கல்லூரி உணவை ஏலாது, தம் அறையிலேயே தனித்துச் சமைத்துண்டார். போரினால் காய்கறியும் அரிதாயிற்று. குளிர்காலத்தில் அவர் இரவெல்லாம் நடுங்குவதை அறிந்த மகலனோபிஸ் என்னும் வங்க மாணவர் அவரது அறைக்குச் சென்று பார்த்தார். கம்பளிகள் கட்டிலிலேயே இருந்தன. ஆனால் அவை மெத்தையோடு சேர்த்துச் செருகப்பட்டிருந்தமையின், உள்ளே நுழைந்து படுத்தல் வேண்டுமென்பதை அறியாது, இராமானுஜன் அவற்றின் மேலேயே படுத்து வந்தார். எண்களின் மறைபொருளை அறிந்தவருக்குக் கம்பளி போர்த்தும் முறையைச் சொல்லுவார் இல்லை! சொல்லிக் கொடுத்த அம்மாணவரே பின்னர் 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்தவர்.

இத்தனை துன்பத்திடையேயும் அவர் பெற்ற பயன் பெரிது. 1915இல் பகு எண்களைப் பற்றி நீண்டதோர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஆயின் 1917இல் நோயுற்று, 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இருந்த மனத்தாங்கலால் மனைவியார் கடிதங்கள் அவரைச் சென்றடையவில்லை என்றும், கடல் கடந்தவரென்பதால் இறுதிச் சடங்கிற்குச் சுற்றத்தார் பலர் வரவில்லை என்றும் அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். அன்பர்களே, சீமை அவருக்குக் கம்பளி கொடுத்தது, போர்த்தும் முறையைச் சொல்லவில்லை. நம் நாடு அவருக்குப் பெருமை கொடுத்தது, துணை கொடுக்கவில்லை. அனுப்புவதோடு நம் கடமை முடிவதில்லை என்பதே இதனால் யாம் கொள்ளும் பாடம்.

இப்பொழுது எம் பிழையைக் கூறுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் தம்பியின் மகள் துணியியல் கற்றுத் தேறினாள். அயல்நாட்டுக் கல்லூரியொன்று ஓராண்டு மேற்படிப்புக்கு இடமளித்து, கட்டணத்திற் பெரும்பகுதியைத் தள்ளியும் கொடுத்தது. வழிச்செலவும் உண்டிச் செலவுமே குறை. குடும்பத்திற்கு மூத்தவரென்று தம்பி எம்மை வந்து கேட்டான். “பெண்பிள்ளையைத் தனியே அனுப்புவதா? ஊர் என்ன சொல்லும்?” என்றோம். ஊரை யாம் கேட்கவேயில்லை. எம் அச்சத்துக்கு ஊரென்று பெயரிட்டோம். அவள் மறுமொழி கூறாது அக்கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தாள். இன்று அவள் வேறு தொழிலிற் கணக்கெழுதுகின்றாள். பெரியப்பா என்றழைக்கும் அன்பில் இம்மியும் குறைவில்லை. அதுவே எம்மை மிகச் சுடுகின்றது. பம்பாயில் தண்டம் விதித்தோரைப் பழிக்க எமக்கு என்ன உரிமை? அவர்கள் ஒன்றேகால் ரூபாய் கேட்டனர். யாம் ஒரு பெண்ணின் ஓராண்டையே வாங்கிக்கொண்டோம்.

இன்று நம் சங்கத்தின் முன் அத்தகைய விண்ணப்பமொன்று வந்துள்ளது. விண்ணப்பித்தவர் ஒரு நெசவாளர் மகள். பெயர் கூறுதல் முறையன்று. கல்வி நிதியில் தொகை சிறிது. ஒருவருக்கே செலவிடுவதா, பலர்க்கும் பள்ளிப் புத்தகம் வாங்குவதா என்று நம்முள் கருத்து வேற்றுமை உண்டு. இது நேர்மையான ஐயமே. இதனை எழுப்பினோரைக் குறை கூறோம். ஆதலின் நிதியைக் கொடையாக வழங்காது, வட்டியில்லாக் கடனாக வழங்கலாமென்பது எம் கருத்து. ஒருவர் திருப்புவது அடுத்தவருக்கு வழிச்செலவாகும்; புத்தக நிதியும் குறைவுபடாது.

அதனோடு நான்கு முறைகளை வேண்டுகின்றோம். முதலாவது, தரகர் சொல்லை நம்பாது, கல்லூரியின் இடமளிப்புக் கடிதத்தை விஷயமறிந்த ஆசிரியர் இருவர் ஆராய்தல் வேண்டும். வீட்டை ஈடு வைத்துப் போலிக் கல்லூரிக்குப் பணம் கட்டிய குடும்பங்கள் பல. இரண்டாவது, பிற உதவிகளை முதலில் தேடுதல் வேண்டும். பிரிட்டிஷ் அரசு 1983இல் தொடங்கிய செவனிங் உதவி ஓராண்டு முதுகலைப் படிப்புக்கே உரியது. அதற்கு இரண்டாண்டு வேலைப் பழக்கம் வேண்டும், படித்தபின் இரண்டாண்டு தாய்நாட்டில் இருத்தலும் வேண்டும். இத்தகையவற்றை நம் இளைஞர் அறியாமலே வயது கடக்கின்றது. மூன்றாவது, செல்பவருக்குக் குளிராடையும் மருத்துவக் காப்பும் தருவதோடு, அவ்வூரில் முன்னரே வாழும் தமிழர் ஒருவரை அறிமுகஞ் செய்தல் வேண்டும். கம்பளி போர்த்தச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டுமன்றோ? வீட்டாரும் வாரம் ஒருமுறை தவறாது பேசுதல் வேண்டும். பணம் வந்ததா என்று மட்டும் கேளாது, உண்டாயா என்றும் கேட்டல் வேண்டும். நான்காவது, மீண்டு வந்தவர் இம்மன்றத்தில் தாம் கண்டதையும் பட்டதையும் ஒளியாது உரைத்து, அடுத்துச் செல்பவர் ஒருவரைத் தாமே பழக்குதல் வேண்டும்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒன்று. ஓராண்டு என்பது நீண்ட காலமன்று. முதல் மூன்று திங்கள் மொழியின் ஓசை பழகுவதிலேயே கழியும், அடுத்த மூன்று திங்கள் வீட்டு நினைவு வாட்டும், மிஞ்சியதே கல்வி. பாவு இங்கே கட்டியது, ஊடை அங்கே ஓட்டுவது என்று கொள்ளுங்கள். பாவு வலுவின்றேல் எந்த நாட்டு நூலும் துணியாகாது.

பெரியோர்களே! மீனம்பாக்கத்தில் இறங்கும் வானூர்திகளின் ஒலியை நம் தறிக்கூடங்களில் நாள்தோறும் கேட்கின்றோம். அவற்றுள் ஒன்றில் நம் பெண்ணொருத்தி கற்கச் செல்வாளாயின், துறைமுகத்தில் தண்டம் விதித்த காலம் போய், வழியனுப்ப ஊரே திரண்ட காலம் வந்ததென்று நம் மக்கள் சொல்லுவர். அவ்விண்ணப்பத்தை இச்சபை ஏற்குமாறு பணிவோடு வேண்டுகின்றோம். அனுப்பும் நாளில் விமான நிலையத்திற்கு முதலில் வந்து நிற்பவர் யாமாயிருப்போம். எம் தம்பி மகளையும் உடனழைத்து வருவோம்.